ரப்பர் பால் கணக்கு நிரல்: பழைய யூனிக்ஸ் ஃபங்ஷன்கள் லினக்ஸில் கிடைக்கவில்லை

குலசேகரத்துக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கத்தில் என் மாமா ஒரு ரப்பர் பால் கொள்முதல் நிலையம் நடத்தி வந்தார். 1988 முதல் 1996 வரை அங்கே கணக்கு முழுவதும் யூனிக்ஸ் ஓடிய ஒரு 386 கணினியில்தான் இருந்தது. தோட்டக்காரர்கள் காலையில் சிரட்டைகளிலிருந்து சேர்த்துக் கொண்டுவரும் பாலை நிறுத்து, டிஆர்சி எனப்படும் உலர் ரப்பர் விகிதத்தால் பெருக்கி, அவரவர் பெயரில் வரவு வைக்கும் நிரல் அது. 24 கிலோ பாலுக்கு டிஆர்சி 35 சதவீதம் என்றால் 8.4 கிலோ உலர் ரப்பர் என்று பதிவாகும். சிரட்டையில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு உண்டு.

மாமா இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் பழைய பாக்கிகளைத் தோட்டக்காரர்களுக்கோ அவர்களுடைய வாரிசுகளுக்கோ தீர்த்துக் கொடுத்துவிட விரும்புகிறார்கள். ஃபிளாப்பிகளிலிருந்து தரவுக் கோப்புகளையும் சுமார் மூவாயிரம் வரி சி மொழி நிரலையும் முழுதாக மீட்டுவிட்டேன். தரவு பைனரி வடிவில் இருப்பதால், அதைப் படிக்கத் தெரிந்தது அந்த நிரல் ஒன்றுதான்.

டெபியன் 13 லினக்ஸில் ஜிசிசி 14 கம்பைலர் கொண்டு கம்பைல் செய்தால் பிழைகள் வந்துகொண்டே இருக்கின்றன. தரவை நகலெடுக்கும் பி-காப்பி, நேரத்தை எழுத்தாக்கித் தரும் சி-டைம் ஆகியவை அறிவிக்கப்படவில்லை என்கிறது. கெட்-லைன் என்ற பெயர் மோதுகிறது. முனைய அமைப்பைப் படிக்கும் ஜி-டிடிஒய், அதை மாற்றும் எஸ்-டிடிஒய் இரண்டையும் அறிவிக்கும் ஹெடர் கோப்பே இல்லை. நினைவகத்தை விடுவிக்கும் சி-ஃப்ரீ, பிழைச் செய்திகளின் அணியான சிஸ்-எர்லிஸ்ட் இரண்டும் கிடைக்கவில்லை. இவற்றை எங்கிருந்து கொண்டுவருவது?

வடசேரி_நிரலர்:

தம்பி, இதற்காக மிகவும் சிரமப்பட வேண்டாம். பழைய நிரல்களை, பழைய சி மொழி விதிகளான ஜிஎன்யூ89 தரத்தில் கம்பைல் செய்தால் அறிவிக்கப்படாத ஃபங்ஷன்களைக் கம்பைலர் மறுக்காது. எச்சரிக்கைகளை அடக்கிவிடுங்கள். பி-காப்பிக்குப் பதில், நகலெடுக்கும் மற்றொரு ஃபங்ஷனான மெம்-சிபிஒய் என்று மாற்றிவிடும் ஒரு வரி மேக்ரோ போடுங்கள். எஸ்-டிடிஒய்க்கு எதுவும் செய்யாமல் பூஜ்ஜியத்தைத் திருப்பித் தரும் வெற்று ஃபங்ஷன் ஒன்றை எழுதிவிடுங்கள். மாலைக்குள் ஓடிவிடும்.

தக்கலை_அண்ணாச்சி:

மேலே சொன்ன வழியில் நிரல் மாலைக்குள் ஓடத்தான் செய்யும். ஆனால் பிறருக்குச் சேர வேண்டிய பணத்தின் கணக்கு என்பதால், கொஞ்சம் பொறுமையாகப் போகலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிரலை நூலகத்தோடு இணைக்கும் லிங்கர் ஒரு பெயரைக் காணோம் என்று சொன்னால், அந்தப் பெயர் பழைய கணினியில் என்ன வேலை செய்தது, எந்த வரிசையில் எவற்றைப் பெற்றது, எதைத் திருப்பித் தந்தது என்று பார்த்துவிட்டுத்தான் மாற்று போட வேண்டும்.

உங்கள் பட்டியலில் எளியவற்றை முதலில் தள்ளிவிடுவோம். சி-ஃப்ரீக்கு ஃப்ரீ என்று எழுதினால் போதும். சி-ஃப்ரீ, லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் 2.26 பதிப்பில், 2017இல், நீக்கப்பட்டது. சிஸ்-எர்லிஸ்ட் அணியை ஜிலிப்சி 2.32 முதல் புதிய நிரல்களோடு இணைக்க முடியாது. அதற்குப் பதில் ஸ்டர்-எரர். கெட்-லைன் உங்கள் நிரலில் உள்ள சொந்த ஃபங்ஷன். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் 2008 அதே பெயரில் வேறொன்றைத் தரப்படுத்திவிட்டதால் மோதுகிறது. உங்களுடையதன் பெயரை நிரல் முழுவதும் மாற்றிவிடுங்கள்.

எஸ்-டிடிஒய்க்கு வெற்று ஃபங்ஷன் போட வேண்டாம். அது ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் காலத்து முனைய இடைமுகம். அந்த அழைப்பு உங்கள் நிரலில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தீர்களா?

குலசேகரத்துக்காரன்:

பார்த்தேன் அண்ணாச்சி. இரண்டு இடங்களில் வருகிறது. மாமா கடவுச்சொல் தட்டும்போது திரையில் எழுத்து தெரியாமல் மறைப்பது ஒன்று. பட்டியலில் ஒரே விசையை அழுத்தி, என்டர் தட்டாமலே தேர்வு செய்வது மற்றொன்று.

இடையில் ஒரு தவறும் செய்துவிட்டேன், அதையும் சொல்ல வேண்டும். அவசரத்தில் பி-காப்பிக்கு மெம்-சிபிஒய் மேக்ரோவைப் போட்டு, ஜிஎன்யூ89இல் கம்பைல் செய்து, ஒரு புதிய பதிவைத் தட்டிப் பார்த்தேன். எடை 24, டிஆர்சி 35. ரசீதில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவும், எடை 0.0, உலர் ரப்பர் 0.0 என்றும் வந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நிரல் அந்தப் பூஜ்ஜியங்களைக் கோப்பிலும் எழுதி வைத்துவிட்டது. ஃபிளாப்பி நகலின் நகலில் ஓட்டியதால் மூலத்துக்குச் சேதமில்லை.

தக்கலை_அண்ணாச்சி:

தம்பி, நகலில் ஓட்டியது நல்ல காரியம். நடந்தது இதுதான். பெர்க்லி யூனிக்ஸின் பி-காப்பி முதலில் மூலத்தையும் அடுத்து இலக்கையும் பெறும். மெம்-சிபிஒய் முதலில் இலக்கையும் அடுத்து மூலத்தையும் பெறும். நீங்கள் தட்டிய பதிவைப் பதிவேட்டு அணிக்குள் நகலெடுக்க வேண்டிய வரி, அணியில் இன்னும் நிரப்பப்படாமல் பூஜ்ஜியமாக இருந்த இடத்தை உங்கள் பதிவின் மேல் நகலெடுத்துவிட்டது. இரண்டுமே நினைவக முகவரிகளைக் காட்டும் பாயின்டர்கள் என்பதால் கம்பைலருக்கு இதில் குறை எதுவும் தெரியாது.

வரிசையை மாற்றிப் போட்டாலும் வேலை முடியாது. பி-காப்பி, மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தாலும் சரியாக நகலெடுக்கும் என்று வாக்களித்தது. மெம்-சிபிஒய்க்கு அந்த வாக்குறுதி இல்லை, மெம்-மூவுக்கு உண்டு. ஒரு தோட்டக்காரரின் பெயரை நீக்கும்போது கீழே உள்ள பதிவுகளையெல்லாம் ஓரிடம் மேலே நகர்த்தும் வரி உங்கள் நிரலில் நிச்சயம் இருக்கும். அங்கே மெம்-சிபிஒய் போட்டால், நூலகத்தின் உள் அமைப்பைப் பொறுத்து, இன்று சரியாக ஓடி நாளை தவறும். 2010இல் ஃபெடோரா 14 வந்தபோது ஃபிளாஷ் பிளேயரின் ஒலி சிதைந்ததற்கு இதுவே காரணம்: படிந்த இடங்களுக்கு மெம்-சிபிஒய் பயன்படுத்தியிருந்தார்கள், ஜிலிப்சி நகலெடுக்கும் திசையை மாற்றியதும் பழைய பிழை வெளியே வந்தது.

உண்மையில் பி-காப்பி ஜிலிப்சியிலிருந்து போகவே இல்லை. போசிக்ஸ் 2008 அதைத் தரத்திலிருந்து நீக்கியது, ஆனால் நூலகத்தில் அது இன்றும் இருக்கிறது. ஸ்டிரிங்ஸ் என்ற ஹெடரை, பெயரின் கடைசியில் 'ஸ்' உள்ளதை, சேர்த்தால் போதும். இன்டெக்ஸ், ஆர்-இன்டெக்ஸ் இரண்டும் அதே ஹெடரில் உள்ளன. தேடுவதற்கு முன் அது தொலைந்ததா, அறிவிக்கப்படாமல் மறைந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முனைய விஷயம்: கடவுச்சொல்லுக்கு டிசி-கெட்-ஆட்டர் மூலம் அமைப்பை வாங்கி, அதில் தட்டியதைத் திரையில் காட்டும் எக்கோ பிட்டை நீக்கி, டிசி-செட்-ஆட்டர் மூலம் திருப்பிக் கொடுங்கள். வெற்று எஸ்-டிடிஒய் போட்டிருந்தால் கடவுச்சொல் திரையில் தெரிந்திருக்கும். ஒற்றை விசைக்கு, பழைய சி-பிரேக் நிலைக்கு இணையாக, என்டர் வரும் வரை காக்கவைக்கும் ஐ-கேனன் பிட்டை நீக்குவதோடு, குறைந்தது எத்தனை எழுத்துகள் வர வேண்டும் என்ற வி-மின் மதிப்பை 1 என்றும், காத்திருக்கும் நேரமான வி-டைம் மதிப்பை 0 என்றும் கட்டாயம் எழுதிவிடுங்கள். வி-மின்னும் கோப்பு முடிவுக் குறியான வி-ஈஓஎஃப்பும் அணியில் ஒரே இடத்தைப் பகிரலாம் என்று தரம் அனுமதிக்கிறது, சொலாரிஸ் அப்படித்தான் வைத்திருக்கிறது. அங்கே வி-மின்னை எழுத மறந்தால் கன்ட்ரோல்-டியின் மதிப்பான 4 அதில் நிற்கும், நான்கு விசைகள் தட்டிய பிறகே நிரல் அசையும். முன்பு அப்படி ஒரு நிரலோடு ஒரு பகல் முழுவதும் போராடியிருக்கிறேன். லினக்ஸில் உங்கள் கணினியில் இந்தப் பகிர்வு இல்லை, ஆனாலும் எழுதிவிடுவது நல்லது.

மார்த்தாண்டம்_தேன்கூடு:

சி-டைம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைப் பற்றி நான் சொல்கிறேன். தம்பி, ஜிஎன்யூ89 தரத்தில் கம்பைல் செய்தபோது தேதி அச்சிடும் இடத்தில் நிரல் விழுந்திருக்குமே?

அறிவிக்கப்படாத ஃபங்ஷன் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தருகிறது என்று பழைய சி எடுத்துக்கொள்ளும். 386இல் முழு எண்ணும் பாயின்டரும் 32 பிட்தான், அதனால் சி-டைம் தந்த முகவரி சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. இன்றைய 64 பிட் கணினியில் பாயின்டர் 64 பிட், முழு எண் 32 பிட். முகவரியின் மேல் பாதி அறுபட்டு, மீதியை நிரல் முகவரி என்று நம்பிப் போகிறது. நூலகத்தில் சி-டைம் இருக்கிறது, அழைப்பும் நடக்கிறது, விடையும் வருகிறது. வரும் வழியில் பாதி உதிர்ந்துவிடுகிறது.

சி99 தரம் இந்த வழக்கத்தை நீக்கியது. மற்றொரு கம்பைலரான கிளாங் 16 இதை 2023இலும், ஜிசிசி 14 இதை 2024இலும் பிழையாகவே ஆக்கின. பலரும் இதைக் கம்பைலரின் கெடுபிடி என்று குறைபட்டுக்கொண்டார்கள். இந்த நிரலைப் பொறுத்தவரை அந்தப் பிழைச் செய்திதான் நமக்குக் கிடைத்த முதல் உதவி. ஜிஎன்யூ89 கொடுத்து அதை வாயடைத்துவிட்டோம். டைம் ஹெடரைச் சேருங்கள், சிக்கல் அதோடு தீரும்.

இதற்கு நேர்மாறான வழியிலும் ஆபத்து உண்டு. சி99 தரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் சொன்னால், அந்தத் தரத்தில் இல்லாத, எழுத்துச் சரத்தை நகலெடுத்துத் தரும் ஸ்டர்-டியூப் போன்றவற்றை ஹெடர் மறைத்துவிடும். நூலகத்தில் அது இருக்கும், அறிவிப்பு மட்டும் இருக்காது. அதைக் காணவில்லை என்று நினைத்துச் சொந்தமாக ஒன்றை எழுதி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குலசேகரத்துக்காரன்:

அக்கா சொன்னது அப்படியே நடந்தது. தேதி வரியில் செக்மென்டேஷன் ஃபால்ட். டைம் ஹெடரைச் சேர்த்தேன், தேதி வருகிறது. ஜிஎன்யூ89ஐயும் எச்சரிக்கை அடக்கலையும் எடுத்துவிட்டேன். எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கியபோது 212 வந்தன, இரண்டு இரவுகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தேன்.

புதிய பதிவுகள் இப்போது சரியாக வருகின்றன. பழைய கோப்பைத் திறந்தால்தான் வேறு சிக்கல். முதல் தோட்டக்காரரின் பெயர் சரியாக இருக்கிறது, ஆனால் அவருடைய உறுப்பினர் எண் ஏதோ பொருளற்ற எண். இரண்டாவது பெயரில் முதல் எட்டு எழுத்துகள் இல்லை. மூன்றாவதில் பெயரின் கடைசி நான்கு எழுத்துகளே மிஞ்சுகின்றன.

முட்டம்_கலங்கரை:

எட்டு, பிறகு பதினாறு. ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு பைட் தள்ளிப் போகிறது. உங்கள் பதிவின் அமைப்பை இங்கே எழுத முடியுமா?

குலசேகரத்துக்காரன்:

பெயருக்கு 20 எழுத்துகள், அடுத்து முழு எண்ணுக்கான லாங் வகையில் உறுப்பினர் எண், அடுத்து தசம எண்ணுக்கான டபுள் வகையில் எடை, டபுள் வகையில் டிஆர்சி. அவ்வளவுதான்.

முட்டம்_கலங்கரை:

386இல் லாங் 4 பைட். ஆகவே 20, 4, 8, 8 சேர்ந்து ஒரு பதிவு 40 பைட். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், அது எட்டால் வகுபடும் இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதால் பெயருக்குப் பின் 4 பைட் வெற்றிடமும் விழுகிறது. 20, 4, 8, 8, 8 என்று 48 பைட் ஆகிவிடுகிறது. கோப்பில் 40 பைட்டுக்கு ஒன்றாக அடுக்கியிருப்பதை நீங்கள் 48 பைட்டுக்கு ஒன்றாக வாசிக்கிறீர்கள்.

இதற்கு என் பரிந்துரை, நிரலை எம்32 விருப்பத்துடன் 32 பிட்டில் கம்பைல் செய்வது. லாங் மீண்டும் 4 பைட் ஆகும், பாயின்டரும் முழு எண்ணும் ஒரே அளவாகும், ஆகவே இதுபோல் இன்னும் கண்ணில் படாத பல சிக்கல்கள் எழாமலே போகும். ஜிசிசி மல்டிலிப் தொகுப்பை நிறுவினால் போதும்.

தக்கலை_அண்ணாச்சி:

முட்டம் நண்பரின் கணக்கு மிகச் சரி. எம்32 பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கோப்பின் வடிவம் கம்பைலருக்குக் கொடுக்கும் ஒரு விருப்பத்தில் ஒளிந்திருப்பது நல்லதல்ல. நாளை வேறொருவர் அதை மறந்து கம்பைல் செய்தால் இதே குழப்பம் திரும்ப வரும். லாங் என்பதை 32 பிட் என்று பெயரிலேயே சொல்லும் வகையாக மாற்றினால், 20ம் 4ம் சேர்ந்து 24. அது எட்டால் வகுபடுவதால் டபுள் இரண்டும் வெற்றிடமின்றி அப்படியே அமரும், மொத்தம் 40. பதிவின் அளவு 40 இல்லையென்றால் கம்பைல் ஆகவே கூடாது என்று ஸ்டாட்டிக் அசர்ட் வரி ஒன்றையும் அதன் கீழே எழுதிவிடுங்கள். இன்டெல் கணினியிலிருந்து இன்டெல் கணினிக்கு வருவதால் பைட் வரிசைச் சிக்கல் இல்லை.

முட்டம்_கலங்கரை:

இந்தப் பதிவுக்கு அது பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். வேறு பதிவு வகைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியே கணக்கிட வேண்டும். 32 பிட்டில் டபுளுக்கு நான்கால் வகுபடும் இடம் போதும், 64 பிட்டில் எட்டால் வகுபட வேண்டும். ஒட்டுப்பால் பதிவையும் அளந்து பாருங்கள்.

குலசேகரத்துக்காரன்:

ஒட்டுப்பால் பதிவு 20 எழுத்து, லாங் ஒன்று, லாங் மற்றொன்று, டபுள் ஒன்று. பழைய கணக்கில் 36 பைட். வகையை மாற்றிய பிறகும் 40 என்றே வந்தது, ஸ்டாட்டிக் அசர்ட் கம்பைலை நிறுத்திவிட்டது. அந்த ஒன்றை மட்டும் 36 பைட்டாக வாசித்து, உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் சிறு ஃபங்ஷன் ஒன்றை எழுதினேன். எல்லாப் பெயர்களும் இப்போது சரியாக வருகின்றன. மாமா தட்டிய பெயர்களைத் திரையில் பார்த்தபோது அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்னும் ஒன்று பாக்கி. மாத அறிக்கை எந்த மாதத்தைக் கேட்டாலும் "பதிவு இல்லை" என்கிறது. ஒவ்வொரு நாளும் 901012 (1990 அக்டோபர் 12) என்பது போல ஒரு கோப்பு, எல்லாம் ஒரே கோப்பகத்தில் இருக்கின்றன. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

தக்கலை_அண்ணாச்சி:

கோப்பகத்தை எப்படி வாசிக்கிறது? ஓப்பன்-டிர் பயன்படுத்துகிறதா, கோப்பகத்தையே ஒரு கோப்பாகத் திறந்து ரீட் செய்கிறதா?

குலசேகரத்துக்காரன்:

ரீட் செய்கிறது. டைரக்ட் என்ற அமைப்பின் அளவுக்கு வாசித்துக்கொண்டே, அந்த அளவு கிடைக்கும் வரை சுற்றுகிறது.

தக்கலை_அண்ணாச்சி:

இந்த இழையில் மிக அபாயகரமான இடம் இதுதான், ஏனெனில் இங்கே எந்த ஃபங்ஷனும் காணாமல் போகவில்லை. பழைய யூனிக்ஸில் கோப்பகமும் சாதாரணக் கோப்புபோல வாசிக்கக் கூடியது. ஒவ்வொரு உருப்படியும் 16 பைட்: கோப்பை அடையாளம் காட்டும் ஐநோடு எண்ணுக்கு 2 பைட், பெயருக்கு 14. ஓப்பன்-டிர், ரீட்-டிர் ஆகியவை 4.2பிஎஸ்டியில், 1983இல் வந்த பிறகும் பலர் பழைய முறையையே எழுதிவந்தார்கள்.

லினக்ஸில் கோப்பகத்தைத் திறக்க முடியும். ரீட் செய்தால் மட்டும், இது ஒரு கோப்பகம் என்ற பிழை எண்ணுடன் கழித்தல் 1 திரும்பி வரும். உங்கள் நிரல் அதைக் கோப்பு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு சுற்றை விட்டு வெளியேறுகிறது. கம்பைலரும் தடுக்கவில்லை: ஜிலிப்சி பழைய நிரல்களுக்கு உதவியாக டைரக்ட் அமைப்புக்குரிய ஹெடரை இன்னும் வைத்திருக்கிறது, அதில் டைரக்ட் என்ற பெயரை டைரன்ட் என்று மாற்றிவிடும் ஒரு மேக்ரோ இருக்கிறது. ஐநோடு, பெயர் என்ற உறுப்புகளும் அதே பெயரில் அங்கே உள்ளன. எல்லாம் பொருந்திப் போகிறது, ஒரு பைட்கூட வாசிக்கப்படுவதில்லை.

அந்தச் சுற்றை ஓப்பன்-டிர், ரீட்-டிர், குளோஸ்-டிர் கொண்டு எழுதுங்கள். ரீட்-டிர் கோப்புகளை வரிசைப்படுத்தித் தராது. மாமாவின் கணினியில் நாள் வரிசையிலேயே கோப்புகள் உருவானதால் பெரும்பாலும் அதே வரிசையில் வந்திருக்கும். அறிக்கையில் முன்நாள் மீதி அடுத்த நாளுக்குப் போகிறதென்றால், பெயர்களை முதலில் திரட்டி வரிசைப்படுத்திக்கொள்ள மறவாதீர்கள்.

வடசேரி_நிரலர்:

நான் முதலில் கொடுத்த ஆலோசனையைத் திரும்பப் பெறுகிறேன். எழுதும்போது இது பணக் கணக்கு என்பதை நான் போதிய அளவு எண்ணவில்லை.

இதே இயல்புள்ள ஒன்றை இந்த வாரம் என் வேலையிலும் கண்டேன், மற்றவர்களுக்குப் பயன்படலாம். கணினியில் எந்தெந்த ஃபங்ஷன்கள் உள்ளன என்று கம்பைலுக்கு முன் சோதிக்கும், ஒரு பழைய தொகுப்பின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், ஜிசிசி 14இல் ஸ்டர்-டியூப் உட்படப் பத்துக்கு மேற்பட்ட ஃபங்ஷன்கள் இல்லை என்று முடிவு செய்து, தன்னுடைய மாற்று நகல்களையெல்லாம் சேர்த்துக்கொண்டது. காரணம், அது எழுதிச் சோதிக்கும் சிறு நிரல்கள் நிரலை முடிக்கும் எக்ஸிட் ஃபங்ஷனை ஹெடர் இல்லாமல் அழைத்தன. அந்தச் சோதனை நிரல் கம்பைல் ஆகாததை, தேடிய ஃபங்ஷன் இல்லை என்று ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டது. அதன் பதிவுக் கோப்பைத் திறந்து படித்த பிறகே எனக்குப் புரிந்தது.

குலசேகரத்துக்காரன்:

ரீட்-டிர் மூலம் எழுதி, பெயர்களை வரிசைப்படுத்தி, 1990 அக்டோபர் அறிக்கையை எடுத்தேன். அந்த மாதத்தின் அச்சுப் பதிவேடு வீட்டுப் பரணில் இருந்தது. மழையால் பால்வெட்டு நடக்காத நாட்களும் அதில் வெறுமையாக இருக்கின்றன, நிரலிலும் அந்த நாட்களுக்குக் கோப்பு இல்லை.

அத்தை பதிவேட்டை வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். 347 வரிகளில் 346 ஒத்துப்போயின. ஒத்துப்போகாத ஒன்று 12ஆம் தேதி வரி. நிரல் 8.4 என்கிறது, பதிவேட்டிலும் அச்சில் 8.4தான். ஆனால் அதைப் பேனாவால் அடித்து 8.1 என்று எழுதி, பக்கத்தில் மாமா தன் சுருக்கொப்பம் இட்டிருக்கிறார். டிஆர்சியை மறுபடி சோதித்திருப்பார் என்று அத்தை சொல்கிறார். கோப்பில் அந்தத் திருத்தம் ஏறவில்லை.

அந்தத் தோட்டக்காரரின் மகன் திற்பரப்பில் இருக்கிறார். அவரிடம் அந்தக் காலத்து ரசீதுகள் இருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.